ஒன்று புள்ளி மூன்று பேர்

ஓடினேன். அறுபத்தேழு வயதில், ஒரு கையில் சூப் ஃபிளாஸ்க், மறு கையில் நான்கு நோட்டுகள் திணித்த பை, முகத்தில் அறைகிற வடகடல் காற்று. துறைமுக இறக்கத்தில் இப்படி ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பதினொன்று பத்து பஸ் கிளம்பிவிட்டது. ஐஸ் ஃபாக்டரிச் சுவரைத் தாண்டி அதன் பின்விளக்குகள் திரும்புவதைப் பார்த்தேன். எந்த நாளும் அதை விட முடியாது, இன்றைக்குச் சுத்தமாக முடியாது.

பஸ் நின்றது. கின்னேவியில் பதினொன்று பத்து யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. புஸ்ஸென்று கதவு திறந்தது.

"ஏறு பொண்ணே, ஏறு. காத்து உள்ள வருது," என்றான் டூகி. இருபத்திரண்டு வருடமாக இதே வண்டியை ஓட்டுகிறவன். எண்பது வயதுக்காரியையும் பொண்ணே என்றுதான் கூப்பிடுவான். கதவை மூடிவிட்டு, நான் உட்காரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கியரைத் தொட்டான்.

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், என் இடம். முன் சீட்டிலிருந்து நெட்டா திரும்பினாள். நெட்டாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அறுபது வருடமாக ஒருவரையொருவர் வார்த்தையால் குத்திக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம்.

"கடைசியா நீ இப்படி ஓடினது ஜீம்ஸ் உன்னக் கல்யாணத்துக்குக் கேட்டப்போ."

"அப்ப எதிர்ப்பக்கமா ஓடினேன்."

வண்டியே சிரித்தது. நான் நாலாவது நோட்டைத் திறந்து தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். நெட்டா. எக்கி. ஸ்லேட்டர் சகோதரிகள் மினாவும் ஜெஸ்ஸும். கோயில் மணியடிக்கும் பெரிய டாம், அவர் நாய்...

இந்த நோட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் என் புருஷன் ஜீம்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. முப்பது வருடம் மீன்பிடிப் படகின் கேப்டன். புயலில் அவர் போடும் சத்தம் கரைக்குக் கேட்கும் என்பார்கள். ஒரே காலையில் பேச்சு போயிற்று, வலப்பக்கம் போயிற்று. ஆல்டன் மேட்டில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். அங்கே யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் போய் ஊட்டினால் சாப்பிட்டார். காலையும் மாலையும் கொஞ்சம் பால் குடிக்கிறார், அவ்வளவுதான் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. தினமும் பதினொன்று பத்தைப் பிடித்தேன். ஊட்டும்போது ஏதாவது பேச வேண்டுமே, இன்றைக்கு பஸ்ஸில் யார் யார் வந்தார்கள் என்று சொல்வேன். ஒவ்வொரு பெயருக்கும் இடது கையின் ஆள்காட்டி விரலை ஒரு தரம் தூக்குவார். யாரையாவது விட்டுவிட்டால் புருவம் ஏறும். அதனால் எழுதி வைக்க ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் நான்கு நோட்டுகள். இந்தக் கோடையில் அவர் உடம்புகூடக் கொஞ்சம் ஏறியிருந்தது. எல்லாம் என் மீன் சூப்பின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு கார் ஓட்டத் தெரியாது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்குத் தெரியாது. ஆண்கள் படகு ஓட்டினார்கள், நாங்கள் மீன் வெட்டினோம், தூரமாகப் போக ரயில் இருந்தது. ரயில் போன பிறகு இந்த ஒரு பஸ்.

அதற்கும் போன மாதம் ஓலை வந்துவிட்டது. கவுன்சிலிலிருந்து வந்த கடிதம், மரியாதையான மூன்று பத்தி. பதினொன்று பத்து பஸ்ஸில் ஒரு நடைக்குச் சராசரியாக 1.3 பயணிகளே செல்வதால், கின்னேவிக்கும் ஆல்டனுக்கும் இடையிலான சேவையை நிறுத்த உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் மீனவர் மன்றத்தில் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து சொல்லலாம்.

"ஒண்ணு புள்ளி மூணு பேரா?" என்று அன்றைக்கே நெட்டா கத்தினாள். "அந்தப் புள்ளி மூணு யாருடி? மினாவா?"

மினா ஸ்லேட்டர் நிற்கும்போதும் உட்காரும்போதும் ஒரே உயரம். "கால் மட்டும் சேத்தா புள்ளி மூணுதான் வரும்," என்று அவளே சொன்னாள்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டுகளை எடுத்து எண்ணினேன். ஒரு நாளும் எட்டுக்குக் குறையவில்லை. பல நாள் பன்னிரண்டு. அப்படியென்றால் கவுன்சிலில் யாரோ பொய் சொல்கிறார்கள். இன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்கு நான்கு நோட்டுகளையும் அவர்கள் மூஞ்சிக்கு நேரே விரிக்கப் போகிறேன். ஒரு மாதமாக இதே நினைப்பில் ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பஸ் மேட்டில் ஏறிப் பழைய ரயில் பாலத்தின் ஓரமாகப் போயிற்று. எட்டு வளைவுகள், கறுத்த கல். மேலே தண்டவாளம் இல்லை, புல்தான். ஒரு காலத்தில் எங்கள் ஹெர்ரிங் மீன் இந்தப் பாலத்தின் மேல் சாயங்காலம் கிளம்பி மறுநாள் காலை லண்டன் சந்தையில் இறங்கும். அதற்கும் முன்னால் கடல்தான் எங்களுக்கு ரோடு. அடுத்த ஊருக்குப் பெண் பார்க்கப் போவதென்றாலும் படகில்தான். எக்கிக்கு எண்பத்து நாலு வயது, அவர் அப்பா இந்த ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர். பாலத்தைக் கடக்கும்போது தினமும் தொப்பியைக் கழற்றுவார். கழற்றிவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்வார்.

"தப்பான வாரத்துல எண்ணினானுங்க."

ரயிலை நிறுத்துவதற்கு முன்னால் லண்டனிலிருந்து ஆள் வந்து பயணிகளை எண்ணினார்களாம். அந்த வாரம் எங்கள் படகுகள் எல்லாம் ஹெர்ரிங் சீசனுக்குத் தெற்கே யார்மத் போயிருந்தன. மீன் வெட்டுகிற பெண்களும் கத்தியைக் கட்டிக்கொண்டு கூடவே போய்விட்டார்கள். ஊரில் மிச்சம் கிழங்களும் பூனைகளும். பிளாட்பாரத்தில் நாலு பேரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கின்னேவியில் பிறக்கிற எந்தக் குழந்தையும் நடக்கப் பழகுமுன் இந்தக் கதையைக் கேட்டுவிடும். எங்கள் ஊரில் ஏன் பெயின்ட் உதிர்கிறது, ஏன் பேங்கை மூடினார்கள், ஏன் பிள்ளைகள் போய்விட்டார்கள், எல்லாவற்றுக்கும் விடை இதுதான். தப்பான வாரத்தில் எண்ணினார்கள்.

பாலத்து ஸ்டாப்பில் ஒரு வெளியூர்க்காரர் கை காட்டினார். முதுகில் மூட்டை, மண் அப்பிய பூட்ஸ். ஏறினார். கார்டை எடுத்து டிரைவர் பக்கத்திலிருந்த மெஷினில் வைத்தார். பீப் என்றது. சிரித்த முகத்தோடு எங்கள் பக்கம் திரும்பி, இந்த ஊரில் நல்ல... என்று ஒரு மீனின் பெயரைச் சொல்லி, அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். படகு வைத்திருக்கும் வீடுகளில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், படகுக்கு ஆகாது; காதில் விழுந்தால் உடனே இரும்பைத் தொட வேண்டும். சிவப்பு மீன் என்போம். பஸ் முழுக்க ஒரே நேரத்தில் கைகள் பறந்து கம்பியைப் பிடித்தன. "குளிர் இரும்பு, குளிர் இரும்பு" என்று முணுமுணுப்பு. காது கேட்காத மினாகூடப் பிடித்தாள். வெளியூர்க்காரர் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

நானும் கம்பியைப் பிடித்திருந்தேன். அந்த அமைதியில்தான் அது மண்டைக்குள் திரும்பவும் ஒலித்தது.

பீப்.

அந்தச் சத்தத்தை இன்றைக்கு நான் எத்தனை தடவை கேட்டேன்? ஒரு தடவை. நேற்று? நேற்று ஒரு தடவைகூட இல்லை. நோட்டைப் பார்த்தேன். பதினொரு பெயர், நான் பன்னிரண்டாவது. அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் அரசாங்கம் இலவச பாஸ் கொடுத்திருக்கிறது. ஏறும்போது அதை மெஷினில் காட்ட வேண்டும். இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் காட்டவில்லை. என்றைக்கும் காட்டியதில்லை. ஏறு பொண்ணே, காத்து உள்ள வருது. ஏறு எக்கி, கம்பியப் பிடி. அவ்வளவுதான் எங்கள் டிக்கெட்.

கவுன்சிலில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆல்டனில் பஸ் நாலு நிமிடம் நிற்கும். பிறகு ஜங்ஷனுக்குப் போய் ரயிலுக்கு ஆள் இறக்கும். எல்லோரும் இறங்கும்வரை நான் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியூர்க்காரர் மட்டும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"டூகி. அந்த மெஷினை நாங்க யாரும் தொடறதே இல்லையே."

அவன் திரும்பவில்லை. இஞ்சினை அணைத்தான்.

"லெட்டர் வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான்.

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"பென்ஷனுக்குப் பதினாலு மாசம் இருக்கு, இஷ்பெல்." முதல் தடவையாக என் பெயரைச் சொன்னான். "மினாவோட விரலைப் பாத்திருக்கியா? கொக்கி மாதிரி வளைஞ்சு கெடக்கு. அந்தக் காத்துல நின்னு பையத் தொறந்து, பர்ஸத் தொறந்து, பாஸ எடுக்கறதுக்குள்ள ரெண்டு நிமிஷம். ஜெஸ் அவளுக்கு ஒத்தாசை பண்றேன்னு தன் பையக் கொட்டிடுவா. நெட்டாவுக்குக் கண்ணாடி தேடணும். ஜங்ஷன்ல பன்னெண்டு நாலு ரயில் யாருக்காகவும் நிக்காது. மொத நாள் மினாவ மட்டும், சரி போ, உக்காருன்னேன். அப்புறம் அவளுக்கு ஒரு நியாயம், மத்தவளுக்கு ஒரு நியாயமா? ஓசிப் பயணத்துக்கு எதுக்கு மெஷின்னு நெனச்சேன். காசு வாங்கினாத்தானே கணக்கு? அது ஆள எண்ணுதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

அவன் கண்ணாடியில் என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த நோட்டு."

"அதப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா கண்ணாடியில பாக்கறேன். தெனமும் எல்லாரையும் எழுதற." தொண்டையைச் செருமினான். "படிச்சுடு. மெஷின்ல ஒண்ணு, நோட்டுல பன்னெண்டு. யாரு குத்தம்னு ஒரு கொழந்தகூடச் சொல்லிடும். பரவால்ல, படிச்சுடு பொண்ணே. ஜீம்ஸ் சாப்பிடணும்ல."

இறங்கினேன். ஒரு மாதமாக நான் தூக்கிச் சுமந்த ஆயுதம் கையில் கனத்தது. இதை விரித்தால் பஸ் பிழைக்கும், டூகி பிழைக்கமாட்டான். மூடி வைத்தால் டூகி பதினாலு மாதத்தை ஓட்டிவிடுவான், ஆனால் எதை ஓட்டுவான்? ஜீம்ஸ் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். இல்லத்தின் படி ஏறும்போது, ஒருவேளை மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம் என்று தேடினேன். ஏழாவது படிவரை கிடைக்கவில்லை.

ஜீம்ஸின் அறை கடல் பக்கம். நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருப்பார்கள். கறுப்புமுனை வளைவிலிருந்து இல்லத்து வாசல்வரை கடற்கரை ரோடு முழுதும் அங்கிருந்து தெரியும். நான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, துண்டை அவர் கழுத்தில் கட்டி, பெயர்களைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் விரல் எழுந்தது. பதினொன்று முடிந்ததும் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மெஷின், டூகி, மூன்று மணிக் கூட்டம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேச முடியாத மனிதரிடம் நியாயம் கேட்பது சுலபம். நமக்குப் பிடித்த பதிலை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆனால் ஜீம்ஸ் பதில் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதை இப்போதைக்கு என்னோடு வைத்துக்கொள்கிறேன். ஒன்று நாற்பது பஸ்ஸில் காலி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டே வந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். நெட்டா இரண்டு தடவை என்னடி என்றாள். மூடி சரியில்லை என்றேன்.

மன்றத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், எழுபது பேர் வந்திருந்தார்கள். சுவரில் மூழ்கிய படகுகளின் படங்கள். அவற்றின் கீழே கடைசி வரிசையில் டூகி தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த நடை நாலு இருபத்தைந்துக்கு.

கவுன்சிலிலிருந்து வந்தவள் மிஸ் ஓகில்வி. கொம்பு முளைத்த ஒருத்தியை எதிர்பார்த்திருந்தோம். முப்பத்தைந்து வயது, ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது. எடுத்தவுடன் நெட்டா கேட்டாள்.

"நீங்க எதுலம்மா வந்தீங்க?"

"கார்லதான். பஸ் நேரம் ஒத்துவரல."

"எங்களுக்கு ஒத்துவருது," என்றாள் நெட்டா. ஒரு சுற்றுக் கைதட்டல்.

எக்கி எழுந்தார். பாலத்தில் கழற்றுவது போலத் தொப்பியைக் கழற்றினார். அறுபது வருடக் கதை முழுவதும் வந்தது: யார்மத், படகுகள், பூனைகள். "அன்னிக்குத் தப்பான வாரத்துல எண்ணினீங்க. இன்னிக்கு எந்த வாரத்துல எண்ணினீங்க?"

மிஸ் ஓகில்வி அவர் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எல்லா வாரமும், ஐயா. மூணு வருஷம், ஒரு நாள் விடாம. மெஷின் எண்ணியிருக்கு. நானும் நம்பாமத்தான் மூணு தடவ சரிபார்த்தேன்."

எக்கி உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார். அவர் கையிலிருந்த ஒரே குண்டு வெடிக்காமல் போய்விட்டது.

"இஷ்பெல் கிட்ட நோட்டு இருக்கு!" நெட்டா கத்தினாள். "தேதி வாரியா, பேர் வாரியா! எந்திரிடி, படி!"

எழுபது தலை திரும்பியது. எழுந்தேன். பைக்குள் கை விட்டேன். நோட்டுகளின் முதுகு விரலில் பட்டது. கடைசி வரிசையில் டூகி என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தான். படி.

விரல் நோட்டைத் தாண்டிப் போயிற்று. பையின் அடியில் பர்ஸ். பர்ஸின் பின்னறையில் நாலாக மடித்த ஒரு காகிதம். அதை எடுத்து, நடந்து போய், மிஸ் ஓகில்வியின் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

'அன்புள்ள திருமதி ஃபிண்ட்லே, உங்களுடைய இலவசப் பயண அட்டை இத்துடன்...' என்று ஆரம்பிக்கும் கடிதம். கடிதத்தின் கீழே, ஏழு வருடம் முன்னால் அவர்கள் ஒட்டி அனுப்பிய அதே பசையில், அதே இடத்தில், என் பாஸ். பிரிக்கவே இல்லை. போட்டோவில் இருந்தவளுக்குத் தலை இத்தனை நரைக்கவில்லை.

"தெனமும் போறேன், தெனமும் வரேன்," என்றேன். "இத ஒரு நாளும் மெஷின்ல வெச்சதில்ல. உங்க கணக்கு சரிதான், மிஸ். நான் அதுல இல்ல."

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மினா ஸ்லேட்டர் எழுந்து நடந்து வந்தாள். ஜெஸ் அவள் பையைத் திறந்து கொடுத்தாள். பைபிளுக்குள் பக்க அடையாளமாக வைத்திருந்த பாஸ். நெட்டாவுடையதில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. பெரிய டாம் தன்னுடையதை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பனி சுரண்டியிருக்கிறார், ஓரம் தேய்ந்து முகம் பாதி அழிந்துவிட்டது. கடைசியாக எக்கி. மேஜையில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்கூடத்தில் பெட்டி பெட்டியாக மீன் வரிசையில் நிற்குமே, அப்படிப் பன்னிரண்டு பாஸ்.

மிஸ் ஓகில்வி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டாள்.

"டிரைவர் கேக்கலையா?"

கடைசி வரிசையில் டூகி எழுந்தான். "மிஸ், அது வந்து..."

"கேட்டாரு!" என்றாள் நெட்டா. "தெனமும் கேட்டாரு. நாங்கதான் காதுல வாங்கல."

"எனக்கு நெசமாவே கேக்காது," என்றாள் மினா, பெருமையாக.

"நீ உக்காரு டூகி," நெட்டா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நாலு இருபத்தஞ்சுக்கு வண்டி எடுக்கணும்."

டூகி உட்காரவில்லை. தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். மிஸ் ஓகில்வி அவனைப் பார்த்தாள், நெட்டாவைப் பார்த்தாள், மினாவின் விரல்களை, பாஸை விட்டுவிட்டு மேஜை ஓரத்தைப் பற்றியிருந்த அந்தக் கொக்கிகளைப் பார்த்தாள். பேனாவுக்கு மூடி போட்டாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நாலு வாரம். மறுபடி எண்ணச் சொல்றேன். மெஷின் என்ன சொல்லுதோ அதுதான். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

சத்தம் கிளம்பியது. யாரோ டீ போடப் போனார்கள். எக்கி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கப்பா டிக்கெட்டக் கேட்டு வாங்கி உள்ள விடற வாசல்ல நிப்பாரு," என்றார் தாழ்ந்த குரலில். "ஊர்க்காரங்க யார் கிட்டயும் கேக்கமாட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் என் கடிதத்தை மடிக்கப் போனேன். மிஸ் ஓகில்வி நிறுத்தினாள். போன மாதமே நான் எழுதி அனுப்பியிருந்த ஆட்சேபக் கடிதம் அவள் கோப்பில் மேலாக இருந்தது.

"திருமதி ஃபிண்ட்லே, அறிக்கையில தனிப்பட்ட கஷ்டம்னு ஒரு பகுதி இருக்கு. எண்ணிக்கை கொஞ்சம் கொறஞ்சாலும் அதுக்கு மதிப்பு உண்டு. உங்களுதத்தான் மொதல்ல போடலாம்னு இருக்கேன். உங்க வீட்டுக்காரர் நீங்க ஊட்டினா மட்டும்தான் சாப்பிடறார்னு எழுதியிருக்கீங்க. அது அப்படியேதானே?"

பேனா மூடியைத் திரும்பக் கழற்றிக் காத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

மதியம் நான் எல்லாவற்றையும் கொட்டி முடித்தபோது, ஜீம்ஸ் இடது கையை நீட்டி, என் மடியிலிருந்த நோட்டை மூடினார். மூடி, பைக்குள் தள்ளினார். நான் நிமிர்வதற்குள் என் கையிலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டார். சூப்பில் முக்கினார், உயர்த்தினார், குடித்தார். மறுபடி. மறுபடி. அலையில் ஆடும் படகில் முப்பது வருடம் சாப்பிட்ட ஆள். கழுத்துத் துண்டில் ஒரு சொட்டு விழவில்லை. கிண்ணத்தின் அடி தெரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிடிபட்ட திருடன் பார்க்கிற மாதிரி.

கதவில் நர்ஸ் டனூட்டா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஈஸ்டர்லேர்ந்து," என்றாள். "காலையும் ராத்திரியும் அவரேதான் சாப்பிடறாரு. சொல்லக் கூடாதுன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. மத்தியானமும் தட்டு வந்ததும் கரண்டிய எடுப்பாரு. ஜன்னலப் பாத்துக்கிட்டே இருப்பாரு. கறுப்புமுனையில உங்க பஸ் தெரிஞ்சதும் கீழ வெச்சிடுவாரு."